மாலை ஆறு மணி வெயில்

சித்திரை, வைகாசியில் திருத்தணித் தெருக்களில் வெயில் உச்சத்துக்குப் போவது பகல் இரண்டு மணி வாக்கில். வீட்டுக்குள் அது உச்சத்துக்குப் போவது மாலை ஆறு மணிக்கு. வெளியே கொஞ்சம் காற்றாடி, வாசலில் நாற்காலி போட்டு உட்காரலாம் என்று ஆகிற நேரத்தில்தான் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை தகிக்க ஆரம்பிக்கிறது. மின்விசிறியைச் சுழலவிட்டால் மேலேயிருந்து அனல் இறங்குகிறது. பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிக்குப் போனால் தரை இன்னும் மோசம். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, ஆவி அடங்கிய பிறகுதான் படுக்க முடியும்.

இதற்கு மருந்து ஏசி என்று ஊர் முழுக்க முடிவாகிவிட்டது. முடிந்தவர்கள் வாங்குகிறார்கள், முடியாதவர்கள் தவணையில் வாங்குகிறார்கள். ஏசிக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை தலைக்கு மேலே காத்திருக்கிறது. செய்த வேலை பலித்ததா என்று அளந்து எழுதி வைப்பது இன்னொரு வேலை. முதல் வேலையைப் பற்றி இப்போது அரசாங்கமே பேசுகிறது. இரண்டாவதைச் செய்கிறவர்கள் அபூர்வம். அதனால்தான் எந்தப் பூச்சு, எந்த ஓடு, எந்த விசிறி உண்மையிலேயே உதவியது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை கிடைக்கிறது, ஆதாரம் கிடைப்பதில்லை.

கோடை வந்ததும் செய்திகளில் வேலூர், கரூர் பரமத்தி, ஈரோடு என்று ஒரு பட்டியல் ஓடுமே, அதில் திருத்தணி விடாமல் இடம்பிடிக்கும். காரணம் எளிது. சென்னையில் நண்பகலையொட்டிக் கடல்காற்று கரையேறிவிட்டால் வெப்பமானியின் ஏற்றம் நின்றுவிடும். கடலிலிருந்து எண்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருத்தணிக்கு அந்தக் காற்று வந்து சேர மாலை தாண்டிவிடும். சில நாள் வருவதே இல்லை. அதுவரை வீசுவது ராயலசீமைப் பக்கமிருந்து வரும் வறண்ட மேல்காற்று. 1960 ஏப்ரல் 1 அன்று, ம.பொ.சி. உள்ளிட்டோரின் எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. காற்று மட்டும் அந்த எல்லையை இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

இன்னொரு காரணம் வானத்தில் இருக்கிறது. திருத்தணி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 13.2 டிகிரியில் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும், நண்பகல் பன்னிரண்டு தாண்டிச் சில நிமிடங்களில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் நிற்கும். நட்டு வைத்த கோலுக்கு அப்போது நிழல் விழாது. அந்த வாரங்களில் நண்பகல் வெயில் சுவரைச் சாய்வாகத் தொட்டுவிட்டுப் போகிறது, மாடியை நேர்க்குத்தாகத் தாக்குகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டைச் சீரமைக்கச் சொல்லும் நூல்கள் சுவர், ஜன்னல், கதவிடுக்கு என்று போகும். அங்கே பிரச்சினை உள்ளே இருக்கும் சூடு வெளியே ஓடுவது. நம் ஊரில் முதல் வேலை மாடியில்தான். இடுக்குகளை எல்லாம் அடைத்து வீட்டைக் காற்றுப்புகாமல் ஆக்கு என்ற அவர்களுடைய முதல் அறிவுரையை ஏசி இல்லாத வீட்டில் பின்பற்றினால் மூச்சு முட்டும்.

மாடி எவ்வளவு வெயிலை வாங்குகிறது? தெளிந்த கோடை நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தரையில் விழும் சூரிய ஆற்றல் ஏறக்குறைய 1000 வாட். 600 சதுர அடி வீட்டின் மாடி சுமார் 56 சதுர மீட்டர். ஆக, ஐம்பத்தாறு இஸ்திரிப் பெட்டிகளை முழுச் சூட்டில் மாடியில் பரப்பி வைத்ததற்குச் சமம். பாசி படிந்து கறுத்துப் போன பழைய தளம் இதில் நான்கில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். மீதியை விழுங்கி, கொஞ்சத்தைக் காற்றுக்கும் வானத்துக்கும் விட்டுவிட்டு, எஞ்சியதைக் கீழே இறக்கும்.

இறங்குவதற்கு நேரம் பிடிக்கிறது; ஆறு மணிக் கணக்கு அங்கேதான் வருகிறது. கான்கிரீட்டில் வெப்பம் அலையாக நகர்கிறது. ஐந்து அங்குலத் தளத்தின் மேற்பரப்பில் ஒன்றரை மணிக்கு உண்டான உச்சம், அடிப்பரப்புக்கு வந்து சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். மேலே செங்கல் ஜல்லி, ஓடு எல்லாம் சேர்ந்து எட்டு அங்குலம் என்றால் ஐந்து மணி நேரத்தை ஒட்டும். இந்தப் பயணத்தில் அலை கொஞ்சம் இளைக்கிறது, ஆனால் தளத்தின் எடை அதைச் சேமித்தும் வைத்துக்கொள்கிறது. 600 சதுர அடிக்கு ஐந்து அங்குலத் தளம் போட்டால் அதன் எடை ஏறத்தாழ 17 டன். காலையிலிருந்து மாலைக்குள் அது 15 டிகிரி சூடேறினால் உள்ளே தங்கியிருக்கும் வெப்பம் மின்சாரக் கணக்கில் 60 யூனிட்டுக்கு மேல். அதில் பாதி கீழே இறங்கினாலே 30 யூனிட் ஆகிறது. ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஓடித்தான் அவ்வளவு வெப்பத்தை வெளியே தள்ளும். அதற்குச் செலவாகும் மின்சாரம் 8 முதல் 10 யூனிட். தினமும். வெயிலை உள்ளே விட்டுவிட்டுக் காசு கொடுத்து வெளியே அனுப்புகிற வேலை இது.

உடம்புக்குத் தெரிவது அறைக் காற்றின் சூடு மட்டும் இல்லை. நம் தோல் 34, 35 டிகிரியில் இருக்கிறது. சுற்றியுள்ள பரப்புகள் அதைவிடக் குளிர்ந்திருந்தால் உடம்பு கதிர்வீச்சாக வெப்பத்தை அவற்றிடம் தள்ளிவிடும். விட்டத்தின் அடிப்பரப்பு 40 டிகிரியைத் தாண்டினால் நடப்பது தலைகீழ்: விட்டம் நம்மைக் காய்ச்சுகிறது. மெத்தையில் மல்லாந்து படுத்தால் எரிகிறதே, அது இதனால்தான். விசிறி இந்தக் கதிர்வீச்சைத் தடுக்காது. வியர்வையை ஆவியாக்கி ஆறுதல் தரும், அவ்வளவுதான். விட்டத்தின் சூட்டை மூன்று நான்கு டிகிரி குறைத்தாலே, அறைக் காற்று அதே அளவு குறையாவிட்டாலும், தூக்கம் வருகிறது.

நம் பழைய கொத்தனார்களுக்கு இந்தச் சமன்பாடுகள் தெரியாது, வேலை தெரிந்திருந்தது. தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன் மேல் ஜல்லி போட்டுத் தட்டோடு பதித்த மெட்ராஸ் டெரஸ் கூரைகள் நூறாண்டு கடந்தும் சில வீடுகளில் நிற்கின்றன. கான்கிரீட் வந்த பிறகும் அதன் மேல்பாதி உயிரோடு இருந்தது. அதற்கு வெதரிங் கோர்ஸ் என்று பெயர். பொதுப்பணித்துறைக் கணக்கில் 32 பங்கு செங்கல் ஜல்லிக்குப் பன்னிரண்டரை பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மணல் கிடையாது. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். மேலே தட்டோடு. இந்த அடுக்குக்கு மூன்று வேலைகள்: மழைநீரைச் சரிவில் ஓட்டுவது, கான்கிரீட் விரிந்து சுருங்கி வெடிக்காமல் காப்பது, வெப்பத்தைத் தாமதிப்பது. இப்போது தட்டுவதற்கு ஆளும் கிடையாது, காத்திருப்பதற்குப் பொறுமையும் கிடையாது. சிமென்ட் பூசி ஒரு நாளில் முடித்துவிடுகிறோம். கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் கட்டிய பல வீடுகளில் தளத்துக்கும் வானத்துக்கும் நடுவே ஓர் அங்குலச் சிமென்ட் கலவைதான் இருக்கிறது.

ஆனால் பழைய முறையை நினைத்து உருகுவதற்கும் எல்லை உண்டு. ஒரு கூரை எவ்வளவு வெப்பத்தைக் கடத்துகிறது என்பதற்கு யு-மதிப்பு என்று ஓர் எண் உண்டு: மேலுக்கும் கீழுக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் கடக்கிறது என்பது அது. வெறும் கான்கிரீட் தளத்துக்கு இது சுமார் 3.5. நாலு அங்குலம் செங்கல் ஜல்லி போட்டால் இரண்டரைக்குப் பக்கத்தில் வரும். மத்திய அரசின் எரிசக்தித் திறன் வாரியம் 2018 டிசம்பரில் வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற குடியிருப்புக் கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு கேட்பது 1.2க்கு மிகாத கூரை. ஜல்லியால் மட்டும் அங்கே போக முடியாது. தளத்தின் மேல் ஓர் அங்குலக் கெட்டி நுரைப் பலகை பதித்து அதன் மேல் ஓடு போட்டால் 1க்கும் கீழே இறங்கிவிடும். பழைய தளத்தின் மேல் நாலு அங்குல ஜல்லி ஏற்றினால் சதுர மீட்டருக்கு 150 கிலோவுக்கு மேல் பாரம் கூடும். நுரைப் பலகையின் பாரம் ஒரு பொருட்டே இல்லை, மேலே பதிக்கும் ஓட்டின் பாரம்தான் கணக்கு. கம்பி துருப்பிடித்து அடியில் காரை உதிரும் தளமாக இருந்தால் எதையும் ஏற்றுவதற்கு முன் ஒரு பொறியாளரைக் கூப்பிட வேண்டும். மாடித்தோட்டம் போட ஆசைப்படுகிறவர்களும் ஈர மண்ணின் எடையைக் கணக்குப் பார்ப்பது நல்லது.

அந்த விதித்தொகுப்பு புதிய கட்டடங்களுக்கானது. ஏற்கெனவே நிற்கிற கோடிக்கணக்கான வீடுகளுக்கு விதி எதுவும் கிடையாது; வீட்டுக்காரரே பார்த்துச் செய்துகொள்ள வேண்டும். அவர் கைக்கு எட்டுவது வெள்ளை.

பழைய தளத்தின் மேல் நல்ல வெள்ளைப் பூச்சு அடித்தால் வெயிலில் எழுபது, எண்பது சதவீதத்தை அது திருப்பி அனுப்பும். 40 டிகிரி நாளில், காற்று மந்தமாக இருக்கும்போது கணக்குப் போட்டால் கறுத்த தளத்தின் மேற்பரப்பு 65 டிகிரியைத் தாண்டும். வெள்ளைத் தளம் 50க்குள் நிற்கும். வெள்ளைக்கு இன்னொரு குணமும் உண்டு: வாங்கிய வெப்பத்தைக் கதிர்வீச்சாக வானத்துக்குத் தாராளமாக விட்டுவிடும். பளபளக்கும் தகரத்துக்கு அந்தத் தாராளம் கிடையாது. வெயிலைத் திருப்புகிற மாதிரி தெரிந்தாலும் தகரம் தொட்டால் சுடுவது அதனால்.

வெள்ளை அடிக்கும் யோசனை இப்போது அரசுத் திட்டமாகவும் ஆகிவிட்டது. 2010 மே மாத வெப்ப அலைக்குப் பிறகு அகமதாபாத் 2013இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. பின்னர் எளியோர் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கும் வேலையையும் அதில் சேர்த்தது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்றே ஐந்தாண்டுக் கொள்கை கொண்டுவந்தது. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அரசுப் பள்ளிக் கூரைகளுக்கு வெப்பம் தணிக்கும் பூச்சு அடிக்கும் திட்டத்தையும் எடுத்தது. இத்தகைய பணிகளுக்காகச் சுற்றுச்சூழல் துறைச் செயலர் சுப்ரியா சாஹுவுக்கு 2025இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் ‘பூமியின் சாம்பியன்’ விருது கிடைத்தது. பள்ளிக்கூடம் பகலில் நடப்பது, வீடு இரவில் உறங்குவதற்கு. என் கருத்தில் வெள்ளைக் கூரை பள்ளியைவிட வீட்டுக்கு இன்னும் பொருத்தம். கான்கிரீட்டின் தாமதத்தால் பகல் வெயிலின் பெரும்பகுதி மாலைக்குப் பிறகு, வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் வந்து சேர்கிறது.

எந்த வெள்ளை? வெறும் சுண்ணாம்பு மிக மலிவு, ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைந்து போகும். ஆண்டுதோறும் பங்குனியில் அடித்துக்கொள்ளத் தயார் என்றால் அது ஒன்றும் குறைந்ததில்லை. வெள்ளைச் சிமென்ட் கலந்தால் கொஞ்சம் நிற்கும். கடையில் கிடைக்கும் அக்ரிலிக் பூச்சுகள் சில ஆண்டு தாங்கும். டப்பாவில் சூரிய எதிரொளிப்பு எண் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘கூலிங்’ என்ற சொல்லும் பனிமலைப் படமும் மட்டும் இருந்தால் அந்த டப்பாவை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். எந்தப் பூச்சானாலும் தூசி அதன் எதிரி. ஓரிரண்டு ஆண்டுகளில் எண்பது அறுபதாக இறங்கிவிடும். கோடைக்கு முன் ஒருமுறை தேய்த்துக் கழுவினால் பெரும்பகுதி மீளும். வடகமும் மிளகாயும் காயவைக்கத் தடையில்லை. செருப்போடு நடக்கத்தான் தடை.

பூச்சு அடிக்கும் முன் ஒழுக்கு பார்க்க வேண்டும். விரிசல், பைப் இறங்கும் மூலை, கைப்பிடிச் சுவர் சேருமிடம் ஆகியவற்றை அடைத்து, தண்ணீர் தேங்கும் பள்ளத்தைச் சரிவாக்கி, காய்ந்த பிறகுதான் வெள்ளை. ஈரத்தின் மேல் அடித்த பூச்சு உப்பிக் கொப்பளித்து உரியும். பிறகு பூச்சு மோசம் என்று கடைக்காரரைத் திட்டுவோம்.

சீட் வீடுகளின் கதை வேறு. பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் நெசவுக்காரர் வீடுகளில் வீடும் தறியும் ஒரே கூரைக்குக் கீழ் இருப்பதுண்டு. சிமென்ட் சீட்டின் கனம் கால் அங்குலம். அதில் தாமதம் என்று எதுவும் இல்லை. வெயில் ஏறிய சில நிமிடங்களில் கீழே அனல், மறைந்த சில நிமிடங்களில் தணிவு. பகலில் தறி ஓட்டுகிறவருக்கு இது தண்டனை, இரவில் படுப்பவருக்குக் கொஞ்சம் கருணை. விசைத்தறி மோட்டார் இழுக்கும் மின்சாரமும் கடைசியில் அந்த அறையிலேயே வெப்பமாக முடிகிறது. இங்கே இரண்டு வேலை சேர்ந்தால்தான் பலிக்கும்: மேலே வெள்ளை, கீழே ஒரு முழம் இடைவெளி விட்டு ஓலைப் பாயோ அலுமினியத் தாள் ஒட்டிய பலகையோ. அந்த இடைவெளியின் இரு முனையும் திறந்திருக்க வேண்டும், சூடான காற்று வெளியேற. பழைய ஆஸ்பெஸ்டாஸ் சீட் என்றால் தேய்க்கவோ, துளை போடவோ, உடைக்கவோ கூடாது. அதன் நார்த்தூசி நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, காய்ந்த பிறகு மெதுவாகப் பூச வேண்டும்.

மேற்குச் சுவரை ஒரு வரியில் முடித்துவிடலாம்: மாலை வெயில் தாழ்ந்து வருவதால் சன்ஷேடு அதை மறைக்காது, செங்குத்தாக நிற்கும் தட்டியோ கொடியோ வேப்பமரமோதான் மறைக்கும்.

இனி அளவு. 1970களில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ட்வின் ரிவர்ஸ் என்ற குடியிருப்பைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் சோகோலோவும் குழுவினரும் ஆராய்ந்தார்கள். ஒரே வரைபடத்தில் அடுத்தடுத்துக் கட்டிய வீடுகளில் எரிவாயுச் செலவு இரண்டு மடங்குக்கும் மேல் வேறுபட்டது. குடியிருப்பவர் மாறினால் வீட்டின் செலவும் மாறியது. ஆகவே ‘பக்கத்து வீட்டில் செய்தார்கள், பாதி கரன்ட்தான் வருகிறது’ என்ற சாட்சியத்துக்கு மதிப்பில்லை. உங்கள் வீட்டை உங்கள் வீட்டோடுதான் ஒப்பிட முடியும்.

அதற்கான முதல் ஆவணம் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது: மின்வாரிய அட்டை. இரண்டு ஆண்டுகளின் இருமாதக் கணக்கை வரிசையாக எழுதுங்கள். மார்கழி, தையில் வரும் கணக்கு உங்கள் அடிப்படைச் செலவு: விளக்கு, பிரிட்ஜ், மோட்டார், டிவி. சித்திரை, வைகாசியில் வரும் கணக்கிலிருந்து அதைக் கழித்தால் வெயிலுக்காகக் கொடுத்த விலை கிடைக்கும். எடுத்துக்காட்டாக, தையில் 240, வைகாசியில் 620 என்றால் 380 யூனிட் கூரை வழியாக வந்த விருந்தாளிக்கு வைத்த சாப்பாடு.

பணக் கணக்கில் ஒரு விசித்திரம் இருக்கிறது, அதைச் சொல்லாத ஆலோசனை நேர்மையானது இல்லை. நம் மாநிலத்தில் முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பர் கட்டணப்படி, 500 யூனிட்டுக்குள் இருந்தால் அடுத்த நூறுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6. ஒரு யூனிட் தாண்டி 501 ஆனால் அந்த 2.25 சலுகை மறைந்து 4.50 ஆகிவிடும், மேற்கொண்டு 8 ரூபாய் தொடங்கும். 500க்கு 1,725 ரூபாய் கட்டியவர் 501க்கு 1,958 கட்ட வேண்டும். பின்னர் விலைகள் சற்று உயர்ந்தன, இந்தப் படியமைப்பு தொடர்ந்தது. அந்த 2022 கட்டணத்தில் இரண்டு வீடுகள் ஆளுக்கு 30 யூனிட் மிச்சப்படுத்துகின்றன என்று வைத்துக்கொள்வோம். 180இலிருந்து 150க்கு இறங்கிய வீட்டுக்கு லாபம் 67 ரூபாய் 50 காசு. 520இலிருந்து 490க்கு இறங்கிய வீட்டுக்கு லாபம் 445 ரூபாய். அதே பூச்சு, அதே வெயில். ஆகவே சிறிய வீட்டுக்காரரிடம் ‘இத்தனை ஆண்டில் போட்ட காசு திரும்பும்’ என்று சொல்வது ஏமாற்று. அவருக்குக் கிடைப்பது தூக்கம், குழந்தையின் படிப்பு, முதியவரின் உயிர்ப் பாதுகாப்பு. பெரிய வீட்டுக்காரரிடம் 500 என்ற கோட்டைக் காட்டினால் போதும்.

அந்தக் கோட்டுக்குக் கீழே கொண்டுவர மிகச் சுலபமான வழி கூரை இல்லை, விசிறி. பழைய விசிறி 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி விசிறி 30 வாட் பக்கம். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஒரு விசிறிக்கு 40 யூனிட் மிச்சம். நாலு விசிறிக்கு 160. ஆனால் அறை ஒரு டிகிரியும் குளிராது. இந்த இரண்டு பலனையும் கணக்கில் கலக்கக் கூடாது. விசிறியையும் பூச்சையும் ஒரே மாதத்தில் மாற்றிவிட்டு மின்கட்டணம் குறைந்தது என்றால் புகழ் யாருக்கு என்று தெரியாது.

கூரைப் பூச்சின் பலனைப் பார்க்க யூனிட் போதாது, வெப்பமானி வேண்டும். சில நூறு ரூபாய்க்கு வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் கருவி கிடைக்கிறது. விட்டத்தின் சூட்டைத் தொடாமல் அளக்கத் துப்பாக்கி வடிவக் கருவி இருக்கிறது. கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டினார்களே, அது உதவாது, காய்ச்சல் எல்லைக்கு வெளியே அதற்குப் படிக்கத் தெரியாது. தொழிற்கூடங்களுக்கு விற்பதை வாங்க வேண்டும், அல்லது ஏசி மெக்கானிக்கிடம் இரவல் கேட்கலாம். பளபளக்கும் அலுமினியத் தாளில் அதுவும் பொய் சொல்லும்.

திருத்தணிக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஊரிலேயே வானிலை நிலையம் இருக்கிறது. அதன் அன்றாட உச்ச வெப்பத்தைச் சென்னை மண்டல வானிலை மையம் வெளியிடுகிறது. உங்கள் நோட்டில் மூன்று பத்தி போதும்: அன்றைய ஊர் உச்சம், மாலை ஏழு மணிக்கு அறை வெப்பம், அதே நேரம் விட்டத்தின் வெப்பம். பூச்சுக்கு முன் இரண்டு வாரம், பின் இரண்டு வாரம். பிறகு ஊர் உச்சம் ஒன்றாக இருந்த நாள்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோடை மழை பெய்த நாளைத் தள்ளிவிட வேண்டும். ஒரு மழை எந்தப் பூச்சையும்விட நன்றாக வேலை செய்யும்.

இதைவிட நம்பகமான வழி, பாதி மாடிக்கு மட்டும் முதலில் அடிப்பது. ஒரே மாதிரி இரண்டு அறை இருந்தால் ஒன்றின் மேல் வெள்ளை, மற்றதன் மேல் பழையபடி. ஒரே நாள், ஒரே வெயில், ஒரே குடும்பம். வித்தியாசம் என்று எது வந்தாலும் அது பூச்சினுடையது. அறைக் காற்றில் இரண்டிலிருந்து ஐந்து டிகிரி வரை எதிர்பார்க்கலாம். பூச்சு விற்பவர் பத்து டிகிரி என்று சொன்னால் அவர் மாடியின் மேற்பரப்பைச் சொல்கிறார், உங்கள் கட்டிலைச் சொல்லவில்லை.

எந்த வெப்பத்தை இலக்காக வைப்பது? அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தினர் சென்னை உட்பட ஐந்து நகரங்களின் அலுவலகங்களில் ஆய்வு செய்து 2014இல் இந்தியர்களுக்கான இதமான வெப்பத்துக்கு ஒரு சூத்திரம் தந்தார்கள். ஏசி இல்லாத கட்டடத்தில், கடந்த முப்பது நாள் வெளிச் சராசரியை 0.54ஆல் பெருக்கி 12.83ஐக் கூட்ட வேண்டும். வெளிச் சராசரி 33 என்றால் இதமான வெப்பம் முப்பதரை டிகிரி. ஏசி விளம்பரங்கள் பழக்கிய 18ஓ 20ஓ இங்கே இலக்கே இல்லை. மாலை ஏழு மணிக்கு 36இல் இருந்த அறை 33க்கு வந்து, விசிறியும் ஓடினால், இலக்கை நெருங்கிவிட்டோம். உங்கள் நோட்டின் முக்கிய எண் இதுதான்: பூச்சுக்கு முன் இரவு எத்தனை மணிக்கு அறை 32க்குக் கீழ் வந்தது, பின் எத்தனை மணிக்கு வந்தது.

ஏசி வாங்குவதென்று முடிவானாலும் இந்த நோட்டு வீண்போகாது. கூரையைச் சரிசெய்த அறைக்குப் பெரும்பாலும் ஒரு டன் போதும். சரிசெய்யாமல் கடைக்குப் போனால் ஒன்றரை டன்னை எழுதிக் கொடுப்பார்கள். ஏர்கூலர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: 41 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் உள்ள திருத்தணிப் பிற்பகலில் அது 28, 29 டிகிரிக் காற்றைத் தரும். புழுக்கமான சென்னை மாலையில் அதே கருவி தோற்றுப்போகும். கட்டட விதிகள் நம் மாவட்டத்தையும் சென்னையையும் ஒரே வெப்ப ஈரப்பத மண்டலத்தில் போட்டிருந்தாலும், மே மாதப் பிற்பகலில் திருத்தணி வறண்ட ஊர்.

கடைசியாகச் சோலார். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய கர் திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். நம் வெயிலில் ஒரு கிலோவாட் நாளுக்கு நாலு யூனிட் அளவில் தரும். தகடுகளின் நிழலும் தளத்தைக் குளிர்விக்கும். ஆனால் முதலில் வெயிலுக்குச் செலவாகும் யூனிட்டைக் குறைத்துவிட்டு, மிச்சமிருக்கும் தேவைக்குத்தான் கிலோவாட் முடிவு செய்ய வேண்டும். ஒழுக்கு அடைப்பதும் வெள்ளை அடிப்பதும் தகடு ஏறுவதற்கு முன்னால் முடிய வேண்டும். இருபத்தைந்து ஆண்டு நிற்கப் போகிற சட்டத்தின் கால்களுக்கு நடுவே தவழ்ந்து போய்ப் பூச்சு அடிக்க எந்த மேஸ்திரியும் சம்மதிக்க மாட்டார்.